ஐந்தாவது வெடி

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், அட்டனில் நான் வேலை பார்க்கும் பலசரக்குக் கடைக்கு நுவரெலியா பஸ் கண்டக்டர் வந்தார். “ஒங்க மச்சான் ஆஸ்பத்திரியில தவறிட்டாங்களாம். அக்கா ஒடனே வரச் சொன்னாங்க” என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. எந்தப் பாறையில், எந்த மலையில் என்றுதான் மனம் பதறியது. பிறகே நிதானத்துக்கு வந்தேன். அவரை வெடி கொண்டுபோகவில்லை. நெஞ்சில் சேர்ந்த கல்தூசி கொண்டுபோயிருக்கிறது.

என் அக்கா செல்லம்மாவின் கணவர் மாணிக்கம், பாறைக்கு வெடி வைப்பவர். எந்தத் தேயிலைத் தோட்டத்திலும் பெயர் பதியாதவர். தோட்டத்தை நடத்தும் துரைமார் ரோடு வெட்டும்போதும் முதலாளிமார் கடை கட்டும்போதும் குறுக்கே பாறை வந்தால் அவருக்கு ஆள் அனுப்புவார்கள். அக்கரப்பத்தனையில் ஒரு ரோடு, இறம்பொடையில் ஒரு கிணறு, அட்டனில் ஒரு அஸ்திவாரம் என்று ஒரே சமயத்தில் மூன்று கொந்தராத்து ஓடும். ஒரு இடத்தில் மழை பிடித்துக்கொண்டால் இன்னொரு இடம் சோறு போடும்.

நானும் சில வருடங்கள் அவருடன் சம்மட்டி அடித்தேன். பாறையில் துளை போட்டு, வெடிமருந்து இட்டு, மண்ணால் இறுக்கி அடைத்து, திரியைக் கொளுத்திவிட்டு ஓடி ஒளிய வேண்டும். எத்தனை துளையோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால், மருந்து உள்ளேயே காத்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த நாள் அதில் உளி இறக்குகிறவனின் உடலைப் பொறுக்கத்தான் முடியும்.

அவர் எதையும் எழுதி வைப்பதில்லை. சாயங்காலம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அக்கா ஒவ்வொரு வேலையாகக் கேட்பார். இவர் சொல்லிக்கொண்டு வருவார். எங்கே துளை போட்டது, எங்கே வெடித்தது, எங்கே மிச்சம் என்று எல்லாம் அந்தப் பேச்சில் அடங்கிவிடும்.

ஒரு மழைக்காலத்தில் நான் அட்டன் வேலையில் இருந்தேன். அவர் மட்டும் அக்கரப்பத்தனையில் ஐந்து துளை வைத்துவிட்டுத் திரும்பியிருந்தார். அன்று சாயங்காலம் வீட்டில் மூவரும் சாப்பிட உட்கார்ந்ததும் அக்கா கேட்டார்:

“அக்கரப்பத்தனையில எல்லாம் வெடிச்சிருச்சா?”

“அஞ்சு சத்தம் கேட்டுச்சு.”

“பாறைக்குப் போயிப் பாத்தீங்களா?”

“ஒரே மழை. அட்டன் மொதலாளி லாரிய அனுப்பிட்டு ஹார்ன் அடிக்கச் சொல்லியிருக்காரு. ஏறி வந்துட்டேன்.”

அக்கா சட்டியைக் கீழே வைத்தார். “எதுத்தாப்புல மலை இருக்குன்னு சொன்னீங்களே. சத்தம் திரும்பி வந்திருக்காதா?”

கையில் எடுத்த சோற்றை மச்சான் தட்டிலேயே போட்டுவிட்டார். “நாலு வெடியும் ஒரு எதிரொலியுமா இருந்தா? காலையில ஆள் எண்ணி பெரட்டு கலைஞ்சதும் அதே பாறையில உளி போடச் சொல்லி கங்காணிகிட்ட நான்தான் சொல்லிட்டு வந்தேன்.”

அந்த நேரத்தில் பஸ் கிடையாது. விடிவதற்கு முன் காய்கறி ஏற்றும் ஒரு மரக்கறி லாரியைப் பிடித்துப் பாதி வழி போனோம். அப்பால் மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்தது. நடந்தோம். வழியில் ஒருமுறைதான் பேசினார். “உளி பிடிக்கிறது முனியாண்டி. அவன் பொஞ்சாதிக்கு இது நெறமாசம்.”

மலைத் திருப்பத்தை நெருங்கும்போது பனிமூட்டத்துக்குள்ளிருந்து இரும்பில் சம்மட்டி விழும் சத்தம் கேட்டது. “நிறுத்துங்கடா! உளிய எடுங்கடா!” என்று மச்சான் கத்தினார். மூட்டம் குரலை விழுங்கிவிட்டது. சம்மட்டி நிற்கவில்லை. தோளில் இருந்த கம்பளியை வீசிவிட்டு அவர் ஓடினார். சட்டென்று சத்தம் நின்றது.

நான் போய்ப் பார்த்தபோது, முனியாண்டியைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தபடி மச்சான் சேற்றில் உட்கார்ந்திருந்தார். உளி நின்ற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, பழைய துளையின் மண் அடைப்பு அப்படியே இருந்தது.

எங்கள் எல்லோரையும் திருப்பத்துக்கு அந்தப்புறம் விரட்டினார். நானும் இருக்கிறேன் என்றேன். “நீ வராத. ஒங்கக்காவுக்கு ஒரு ஆளு வேணும்” என்றார். தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் அடைப்பைச் சுரண்டினார். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து, உள்ளங்கையில் கறுப்புச் சேறு வழிய மச்சான் நடந்து வந்தார். “முடிஞ்சிருச்சு” என்றவர், ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

அதோடு நேரே துரையின் ஆபீசுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். கொந்தராத்து பறிபோனது. “நீங்க சொல்லாட்டி யாருக்குங்க தெரியும்?” என்று கங்காணி அங்கலாய்த்தார். “மறைச்சிட்டா பயம் விட்டுப் போயிருமுங்க. அடுத்த தடவையும் லாரியில ஏறிருவேன்” என்றார் மச்சான்.

பயம் அவரை விடவே இல்லை. பிழைப்புக்காக அதற்குப் பிறகும் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வேலை எடுத்தார். ஆனால் வெடித்த பாறையில் தாமே ஏறித் தடவிப் பார்க்காமல் இடத்தை விட்டு அசையமாட்டார். அப்படிப் பார்த்த பின்னும் பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி, இறங்கித் திரும்பி நடப்பார். சம்சயக்காரர் என்று சிரித்தவர்கள் உண்டு. அவர் வேலை செய்த இடத்தில் ஒருவருக்கும் ஒரு விரல்கூடப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு, காய்ச்சல் வேகத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். “உடப்புசல்லாவையில, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒன்னு வெடிக்காம நிக்குதுடா. புள்ளைங்க வெளையாடுற எடம்.” அது வெடித்து வருடங்கள் ஆகியிருந்தன. அதைச் சொன்னால் நம்புகிற நிலையில் அவர் இல்லை. மறுநாள் பஸ் ஏறிப் போனேன். திரும்பி வந்து அவர் கட்டிலருகே நின்றேன்.

“குச்சிய விட்டுப் பாத்தியா?” என்று கேட்டார்.

“பாத்தேன் மச்சான். வெறும் மழைத்தண்ணி.”

கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை.

புதன்கிழமை மழையில் அவரை அடக்கம் செய்தோம். மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள், யார் எவர் என்று தெரியாமலே கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். அக்கா ஈர மண்ணை இரண்டு கையாலும் அள்ளி மெதுவாகப் போட்டார்.

மச்சான், எந்த மலையிலும் உங்கள் துளை ஒன்றுகூட மிச்சமில்லை. பயப்படாமல் போய் வாருங்கள்.