வெள்ளை மாடியும் இரண்டு பகல் தூக்கமும்

என் கணவருக்குத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டும் வேலை. நைட் ஷிப்ட் வாரங்களில் காலையில் வந்து பகலில்தான் தூங்க வேண்டும். எடமலைப்பட்டி புதூரில் எங்களுடையது மாடி எழுப்பாத கான்கிரீட் வீடு. அக்கினி நட்சத்திரத்தில் ஃபேன் அனலைத்தான் சுழற்றியது. புரண்டு புரண்டு படுத்துவிட்டு, சிவந்த கண்ணோடு மறுபடி வேலைக்குக் கிளம்புவார். அவ்வளவு உயரத்தில் ஒரு நிமிடம் கண் அசந்தால் என்னாகும் என்ற பயம் என்னை ஓரிடத்தில் உட்கார விடாது.

ஏசி வாங்கலாம் என்றார். ஏற்கெனவே தெருவில் நடந்தால் ஏசி பெட்டிகள் துப்பும் சூடு முகத்தில் அறைகிறது. நம் பங்குக்கும் ஒன்று வேண்டாம் என்று மல்லுக்கு நின்றேன். மொட்டை மாடிக்குப் புது வகை வெள்ளைப் பூச்சு அடித்தோம். அது வெயிலைத் திருப்பி அனுப்பும், கூரையில் ஏறும் சூட்டையும் வானத்துக்கே விட்டுவிடும் என்றார் பெயிண்டர். நான் நம்பவில்லை. மத்தியானத்தில் சும்மா சும்மா ஏறி வெறுங்காலால் மிதித்துப் பார்த்தேன். சுடவில்லை. கீழே அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். குறட்டை கேட்டு நான் சந்தோஷப்பட்டது அப்போதுதான்.

அந்த வாரமே பக்கத்து வீட்டு மாடியில் குடியிருக்கும் நர்ஸ் வாசலில் வந்து நின்றாள். அவளுக்கும் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி.

"அக்கா, உங்க மாடி வெளிச்சம் ஜன்னல் வழியா நேரா என் மூஞ்சில அடிக்குது. ஜன்னலைச் சாத்தினா உள்ள வேகுது. தூக்கமே இல்ல. நேத்து ஒரு பேஷண்டுக்கு மருந்தை மாத்திக் குடுக்கப் பார்த்தேன். நல்லவேளை, கூட இருந்தவங்க கவனிச்சாங்க."

என் வீட்டு மாடி, என் இஷ்டம் என்றுதான் முதலில் கோபம் வந்தது. அவளை அனுப்பிவிட்டு, அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரிடம் போனேன். அவரும் அந்தப் பூச்சை அடித்தால் அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கலாமே.

"வாடகைக்கு இருக்கவங்களுக்கு அதெல்லாம் எதுக்குங்க?" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த மருந்து மனதைக் குடைந்தது. கிரேனை நினைத்துப் பட்ட பயத்தை இப்போது முகம் தெரியாத நோயாளிக்காகவும் பட வேண்டியிருந்தது. வானத்துக்கு அனுப்பியதாக நினைத்த வெயிலில் கொஞ்சத்தை அவள் தலையில் கொட்டியிருக்கிறேன்.

மறுநாள் காலை அவளைக் கூப்பிட்டு எங்கள் முன்னறையில் பாய் விரித்தேன். உள்ளறையில் என் கணவர், முன்னறையில் அவள். மிக்ஸி போடவில்லை, குக்கர் வைக்கவில்லை. கீரைக்காரரின் குரல் கேட்டதும் தெருமுனைக்கே ஓடி, சத்தம் போடாமல் போகச் சொன்னேன். வாசலுக்கும் அடுப்படிக்குமாகப் பகல் முழுக்க நடந்தேன்.

சாயங்காலம் எழுந்து பாயைச் சுருட்டியவள் என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க எப்பக்கா தூங்குவீங்க?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி.

"உட்காரும்மா, காபி கொண்டு வரேன்" என்று அடுப்படிக்குள் போனேன். அழுவது அவள் காதில் விழக் கூடாது. அரைக்க ஒன்றும் இல்லாமலே மிக்ஸியைப் போட்டேன்.