இருபத்து மூன்றாம் நம்பர் மாடு

சிதம்பரத்தில் புவனகிரி ரோட்டோரம் இருக்கிற எங்கள் கோசாலையில் மாடுகளுக்குத் தனியாகப் பேர் கிடையாது. கொண்டுவந்து விட்டவர் பேர்தான் மாட்டுக்கும். அப்படிக் கூப்பிட ஆரம்பித்தவள் தனம். "ராசம்மாளுக்கு நேத்துலேருந்து கழிச்சல்", "தங்கராசு தவுட்டுல வாயே வைக்கல" என்று ரோட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவாள். எண்ணெய்க்கடை தங்கராசு ஒருநாள் சைக்கிளில் போகும்போது இதைக் கேட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"நான் தவுடு திங்கறத நீ எப்பம்மா பாத்தே?"

"நீங்க விட்ட காளைதாங்க அது. நீங்க வேணா தின்னு பாருங்க."

அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். சிரித்தாரா கோபித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் பக்கத்தில்தான் வைக்கோல் இறக்கிக்கொண்டிருந்தேன்.

தனம் மாட்டோடு பிறந்து வளர்ந்தவள் இல்லை. கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடற்கரைக்காரி. புருஷன் சடையப்பன் ஓர் ஐப்பசியில் கட்டுமரத்தில் போனவன், கரைக்கு வரவில்லை. அவன் வந்துவிட்டால் சிதம்பரத்தில் ஒரு மாடு விடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அதோடு விட்டாளா? வந்த அன்றைக்கே விட வேண்டும் என்று கையோடு ஒரு வெள்ளைப் பசுவையும் வாங்கி, வீட்டு வாசலில் கட்டிப்போட்டாள். மீன் வலை காய்கிற இடத்தில் ஒரு பசு. ஊரே வந்து பார்த்ததாம். ஒன்றரை மாசம் ஆயிற்று. அவன் வரவில்லை. இவள் மாட்டை ஓட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

கோசாலைக் காரியதரிசி பூவராகன் கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மறுபடி மூடினார்.

"வேண்டுதல் பலிக்கலியேம்மா. அப்புறம் எதுக்கு மாடு?"

"அது என்னங்க பண்ணும்? அதுவா கடலுக்குப் போச்சு?"

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று சாணி அள்ளினாள். அப்புறம் பஸ் ஏறவே இல்லை. வைக்கோல் வண்டிக்காரனான எனக்கு அதில் முதலில் எரிச்சல்தான். மீன்காரிக்கு மாடு என்ன தெரியும் என்று கேட்டேன். "மீன் கத்தாதுண்ணே, மாடு கத்துது. அது ஒண்ணுதான் வித்தியாசம்" என்றாள். அது சரியான பதிலா என்று இன்னும் யோசிக்கிறேன்.

தன் பசுவுக்கு மட்டும் அவள் பேர் வைக்கவில்லை. கொடுத்தவள் பேர் என்றால் தன் பேரையே வைக்க வேண்டும். "ஏய்" என்றுதான் கூப்பிடுவாள். அதுவும் வரும்.

அறுபத்திரண்டாம் வருஷத்து மழையில் பதினோரு மாடுகள் செத்தன. ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போகலாம் என்றால் நடக்கிற மாடு வேண்டும். எங்களுடையவை எழுந்து நிற்கவே நாலு ஆள் வேண்டும். பதினோரு குழியும் நானும் தனமும் வெட்டினோம். கடைசிக் குழியில் மண்ணைத் தள்ளிவிட்டு, "கடல்லயாவது குழி வெட்ட வேண்டியதில்ல" என்று சொன்னாள்.

அடுத்த வருஷம் ஆடியில் கடலூரிலிருந்து டாக்டர் நடனசபாபதி வந்தார். அங்கே மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் வேலைக்குப் பத்துப் பேருக்குப் பயிற்சி நடத்துகிறவர். அவருக்கு ஒரு கஷ்டம். கற்றுக்குட்டி கையில் ஊசியைக் கொடுத்து, கறக்கிற மாட்டைக் காட்ட எவன் சம்மதிப்பான்? எங்களிடம் மாடு இருக்கிறது, வைத்தியம் இல்லை. பூவராகனும் அவரும் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். புதன்கிழமைதோறும் பத்துப் பேரும் காலை ரயிலில் வந்து எங்கள் மாடுகளிடம் தொழில் பழக வேண்டியது. கூடவே டாக்டர் வந்து, வேண்டிய வைத்தியத்தை மருந்தோடு இனாமாகச் செய்ய வேண்டியது. சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த மழைக்காலத்தில் ஒரே ஒரு மாடுதான் போயிற்று. தனத்தின் வெள்ளைப் பசுவுக்குக் கழுத்தில் புழு வைத்த புண். டாக்டர் வாராவாரம் கழுவிக் கட்டிக் கட்டி அதையும் எழுப்பிவிட்டார். தனம் செவ்வாய்க்கிழமையே வாசலைக் கூட்டி வைத்துவிடுவாள்.

மாடுகளுக்கு நம்பர் போட்டவன் நான். மூன்றாவது வரை படித்தவன், எண் எழுதத் தெரியும். ஒன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை கொம்பில் தாரால் எழுதச் சொன்னார் டாக்டர். எழுதினேன். அவரிடம் ஒரு பெரிய ரிஜிஸ்தர் இருந்தது. நம்பருக்கு ஒரு பக்கம். பயிற்சிக்காரர்கள் வாராவாரம் மாடு மாற்றிப் பார்ப்பார்கள். யார் எந்த மாட்டைப் பார்த்தாலும் அந்த நம்பர் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் போவார்கள். மேலே முந்தின வாரத்துக்காரன் எழுதியதை எவனும் படிப்பதில்லை. ரயிலுக்கு நேரமாகிவிடும்.

பொங்கலுக்கு அடுத்த திங்கட்கிழமை பரீட்சை என்றார்கள். மதராஸிலிருந்து ஓர் அதிகாரி வருவார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் பயிற்சியைச் சர்க்கார் பண்ணைக்கு மாற்றிவிடுவார்கள், அப்புறம் எங்கள் பக்கம் யாரும் வரமாட்டார்கள் என்று டாக்டரே சொன்னார். தனம் அதைக் கேட்டு என்னைப் பார்த்தாள். பதினோரு குழியும் எனக்கு ஞாபகம் வந்தது.

பொங்கலுக்கு நான் காடாம்புலியூர் போய்விட்டேன். திங்கட்கிழமை காலையில் கரும்புக்கட்டோடு உள்ளே நுழைந்தேன். முப்பத்தெட்டு மாடும் சிவப்பு, நீலம், பச்சைக் கொம்போடு நின்றன. ஒரு நம்பர் இல்லை.

"தனம், என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"மாட்டுப் பொங்கல் ஆச்சேண்ணே. கொம்பு சீவிப் பெயிண்டு அடிச்சேன். கடலூர் ஓ.டி. துறைமுகத்துல என் தம்பி குடுத்தான். படகுக்கு அடிக்கிறது, உப்புத் தண்ணிக்கே போவாது."

"நம்பரு?"

"அதயும் சொரண்டிட்டேன். கேப்பர்மல ஜெயில்ல இருக்கறவனுக்குத்தான் நம்பரு. அதுங்க பண்டிக அன்னிக்காவது நம்பரு இல்லாம இருக்கட்டுமே."

"இன்னிக்குப் பரீட்ச."

"அதுக்கு என்ன? மாடு இங்கதான நிக்குது?"

மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். போகவில்லை. போனால்தான் என்ன, அடியில் தார் இல்லை. அவளைத் திட்டுவதா என்று யோசிப்பதற்குள் ரயில் வந்துவிட்டது.

அதிகாரி புங்கமரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒல்லியான ஆள், குடையை மடக்கி மடியிலேயே வைத்துக்கொண்டார். முறை இதுதான்: ஒரு சீட்டு எடுக்க வேண்டியது, அதில் இருக்கிற நம்பர் மாட்டை ஓட்டிவந்து, ரிஜிஸ்தரைப் பார்த்து அதன் நோய், வைத்தியம் எல்லாம் சொல்ல வேண்டியது. முதல் சீட்டை எடுத்தவர் லூர்துசாமி, மஞ்சக்குப்பத்துக்காரர். இருபத்து மூன்று.

லூர்துசாமி மந்தைக்குள் போனார். ஒவ்வொரு கொம்பாகப் பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்.

"என்னப்பா தேடறே?" என்றார் அதிகாரி.

"நம்பரத் தேடறேன் சார்."

"மாட்டத் தேடு."

"நம்பர் இருந்தாத்தான் சார் மாடு தெரியும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தனத்தைப் பார்த்தேன். தனம் முன்னால் வந்து, "என்ன நோவுன்னு படிங்க தம்பி, யாருன்னு நான் காட்டறேன்" என்றாள். அதிகாரி தலையசைத்தார். லூர்துசாமி ரிஜிஸ்தரைப் பிரித்துப் படித்தார்.

"ஐப்பசி, முதல் வாரம். எருது. வலது பின்னங்கால் குளம்பில் புண்."

"அது வடலூரான்" என்றாள் தனம். "கார்த்திகையிலயே செத்துட்டான். அதோ, தென்ன மரத்துக்கு அந்தாண்ட பொதைச்சோம்."

லூர்துசாமிக்குக் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் பக்கத்தைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, தொடர்ந்து படித்தார். "மார்கழி, இரண்டாம் வாரம். காய்ச்சல் இல்லை. ஐந்து மாதச் சினை."

அதிகாரி குடையைக் கீழே வைத்தார்.

"எருது செத்து, பொதைச்சு, அப்புறம் சினையாச்சா?"

பூவராகன் துண்டால் வாயை மூடிக்கொண்டார். டாக்டர் ரிஜிஸ்தரை வாங்கிப் பார்த்தார். பக்கத்தின் அடியில் அவர் கையெழுத்தே இருந்தது.

"காத்தவராயா, இது எப்படிய்யா?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு அப்போதுதான் விளங்க ஆரம்பித்தது. அதுவும் முழுசாக இல்லை. வடலூரான் போன மறுவாரம் ஞானாம்பாள் என்கிற அம்மாள் ஒரு சினைப்பசுவைக் கொண்டுவந்து விட்டாள். இருபத்து மூன்று சும்மா கிடந்தது. அந்த நம்பரைப் புதுசின் கொம்பில் எழுதினேன்.

"காலியா இருந்துதுங்க, குடுத்தேன். ஒருத்தன் வீட்டக் காலி பண்ணிட்டுப் போனா வாசல்ல இருக்கற நம்பரையுமா தூக்கிட்டுப் போறான்? அடுத்தாப்ல வர்றவனுக்கு அதே நம்பர்தான?"

டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நான் சொன்னதில் என்ன தப்பு என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியவில்லை. எல்லோர் முகத்தையும் பார்த்ததில் தப்பு இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

அதிகாரி ரிஜிஸ்தரை மூடினார். "டாக்டர், இது பயிற்சிக்கு லாயக்கான இடம் இல்ல. பண்ணைக்கு மாத்திடலாம்."

தனத்தின் பசு அப்போது தொட்டியோரம் கழுத்தில் மருந்து மஞ்சளோடு நின்றது. தனம் போய் அதன் கயிற்றைப் பிடித்து இழுத்துவந்து, பெஞ்சுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"ஐயா, நம்பரக் கேட்டீங்க, தெரியல. ஒத்துக்கறோம். இதப் பாத்து என்ன நோவுன்னு இந்தத் தம்பியக் கேளுங்க. அதுவும் தெரியலன்னா மாத்திக்குங்க."

அதிகாரி லூர்துசாமியிடம், "புத்தகம் இல்லாம சொல்லு" என்றார்.

லூர்துசாமி சட்டைக் கையை மடித்தார். முதலில் கொம்பைத்தான் பார்த்தார், பழக்கம். அப்புறம் மாட்டைப் பார்த்தார். வாலடியில் நாடி பார்த்தார், காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாயை வைத்து எடுத்தார். கழுத்துப் புண்ணைச் சுற்றி அமுக்கினார். அரைமணி நேரம் ஆயிற்று. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

"கழுத்துப் புண் உள்ளுக்குள்ள ஆறிட்டுது சார். காய்ச்சல் இல்ல. ஆனா இடது கண் செவந்து நீர் வடியுது. ஓரத்துல நீலமா இருக்கு." குனிந்து மோந்து பார்த்தார். "பெயிண்டு சார். கொம்புலேருந்து வழிஞ்சு கண்ணுல எறங்கியிருக்கு."

தனம் கயிற்றை விட்டுவிட்டுப் பசுவின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"தூசி விழுந்துதுன்னு நெனச்சேன்" என்றாள். "அஞ்சு நாளா தூசின்னே நெனச்சேன்."

லூர்துசாமி போரிக் பொடியை வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, பஞ்சால் கண்ணைக் கழுவினார். மாடு திமிறியது. தனம் அதன் தாடையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். ஏய் என்றுகூடச் சொல்லவில்லை.

அதிகாரி மற்ற ஒன்பது பேரையும் அப்படியே, புத்தகம் இல்லாமல், ஆளுக்கு ஒரு மாட்டைக் காட்டிக் கேட்டார். ஏழு பேர் தேறினார்கள். இருவரை மறுபடி பரீட்சைக்கு வரச் சொன்னார். போகும்போது, பயிற்சி இங்கேயே நடக்கட்டும், ஆனால் ரிஜிஸ்தரைப் புதுசாகப் போட வேண்டும் என்றார். நம்பர் கழுத்தில் தகரத்தில் தொங்க வேண்டும், பக்கத்தில் மாட்டின் பேரும் இருக்க வேண்டும், பேரைத் தனத்தைக் கேட்டு எழுத வேண்டும். என்னிடம் திரும்பி, "செத்த மாட்டு நம்பரை இன்னொண்ணுக்குக் குடுக்காதே" என்றார். சரிங்க என்றேன். சொல்லிவிட்டேனே தவிர மனசு ஒப்பவில்லை.

அடுத்த புதன்கிழமை காலை ரயிலில் பத்துப் பேரும் வந்தார்கள், தேறாத இருவரும் சேர்த்து. லூர்துசாமி நேரே வெள்ளைப் பசுவிடம் போய்க் கண்ணைப் பார்த்தார். சிவப்பு தணிந்திருந்தது. ரிஜிஸ்தரைப் பிரித்து, "இது பேரு என்னக்கா?" என்று கேட்டார்.

தனம் தொட்டியைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவி முடித்துவிட்டு, "சடையப்பன் வூட்டுதுன்னு போட்டுக்குங்க" என்றாள்.

அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

நானும் அவளிடம் ஒரு நாள் கேட்டேன். "நம்பரு ஜெயிலுக்காரனுக்குன்னியே, இப்ப கழுத்துல தொங்குதே, பரவால்லியா?"

"தொங்கட்டும். போனவங்க நம்பர யாருக்கும் குடுக்க மாட்டாங்க இல்ல?"

"மாட்டாங்களாம்."

"அப்ப சரி" என்றாள்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்றைக்கு எங்களிடம் நிற்பவை முப்பத்து நாலு மாடுகள். நேற்றுப் புதுசாக ஒன்று வந்தது. அதற்கு நான் தகரத்தில் வெட்டிய நம்பர் ஐம்பத்து மூன்று. முப்பத்து நாலு நிற்கிற இடத்தில் ஐம்பத்து மூன்று எப்படி வரும் என்று, கொண்டுவந்து விட்ட ஆள் என்னிடம் கேட்டான். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. தனத்தைக் கேள் என்று கையைக் காட்டிவிட்டு, வைக்கோல் இறக்கப் போய்விட்டேன்.