முப்பத்தெட்டாவது கைவீச்சு

தோள் அறுவை சிகிச்சைக்குப் பிறகு போட்டி நீச்சலை விட்டேன். பதக்கங்கள் இப்போது ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கின்றன. ஐம்பது வயதில், தோளைச் சோதிக்கப் பட்டினப்பாக்கம் கடலில் இறங்கினேன்.

"தண்ணி உள்ள இஸ்துகினு கீது, போவாத நைனா," என்றார் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர்.

"நான் மாநில சாம்பியன்," என்றேன்.

"அத்த கடலாண்ட சொல்லிட்டியா?"

நீச்சல்குளத்தில் முப்பத்தெட்டாவது கைவீச்சில் சுவர் வரும். குட்டிக்கரணம் போட்டு, சுவரை உதைத்துத் திரும்புவோம். கடலிலும் உடம்பு தானாக எண்ணி, முப்பத்தெட்டில் குட்டிக்கரணம் போட்டது. உதைக்கச் சுவர் இல்லை. தோள் கழன்றது. நிமிர்ந்தபோது கரை சிறுத்திருந்தது.

அசையாமல் மிதப்பதற்கு எனக்கு யாரும் பதக்கம் தந்ததில்லை. மல்லாந்து மிதந்தேன். மீனவர் என்னை நோக்கிப் படகைக் கடலுக்குள் தள்ளுவது தெரிந்தது. அந்தப் படகும் சிறிதாகிக்கொண்டே போனது.