முகட்டில் நின்ற கொம்புமான்

வனவியல் படித்த காலத்தில், ஜேர்மனியில் எசன் நகருக்குத் தெற்கே மலைக்காடுகளில் வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டினேன். அந்த இலையுதிர்காலத்தில் வந்தவர் எழுபது கடந்த யாழ்ப்பாணத்து ஐயா. இந்த முறையும் கொம்புமான் கிடைக்காவிட்டால் துப்பாக்கியை விற்றுவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. நின்று நின்று ஏறினோம். மலை முகட்டில், வானத்துக்கு எதிரே, பெரிய மான் ஒன்று நின்றது. அவர் துப்பாக்கியை உயர்த்தினார். நான் வழக்கம்போல் வரிசையாகப் பார்த்தேன்: காற்று சரி, தூரம் சரி, மானுக்குப் பின்னால் குண்டைத் தாங்க மண் இல்லை. குண்டு முகட்டைத் தாண்டினால் அந்தப் பக்கத்து ஊரில் போய் விழும்.

"ஏலாது ஐயா, இறக்குங்கோ."

"பிள்ளை, நீ என்ர மனிசியின்ர ஆளோ?"

முணுமுணுத்தாலும் இறக்கினார். காத்திருந்தோம். மான் மெல்லச் சரிவில் இறங்கி மேயத் தொடங்கியது. இப்போது அதன் பின்னால் மலையே இருந்தது.

"இப்ப சுடுங்கோ."

ஒரே வெடியில் மான் நின்ற இடத்திலேயே சாய்ந்தது.

"துவக்கு விக்கிறேல்லை," என்றார் அவர், அமைதியாக.

இங்குள்ள வேட்டை முறைப்படி, சுட்டவருக்கு மரியாதையாக, ஊசியிலை மரக்கொப்பு ஒன்றை ஒடித்து, என் தொப்பியின் மேல் வைத்து அவரிடம் நீட்டினேன். அவர் அதை இரண்டாக முறித்து, பெரிய துண்டை என் தொப்பியில் செருகினார்.