சுவர் இல்லாத வாசக்கால்

அப்பா உயிரோடு இருந்தவரை எந்த அரசு அலுவலகத்தின் படியையும் மிதித்ததில்லை. இறந்த பிறகுதான் ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றினார், ஜெராக்ஸாக, என் பைக்குள். திருச்சுழி தாலுகா ஆபீஸில் அவருடைய இறப்புச் சான்றிதழை நீட்டியபோது, வாங்கிப் பார்த்தவர், "இதுல இவரு கையெழுத்தும் வேணுமே" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

எம்.ரெட்டியபட்டிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் பூர்வீக நிலம் உண்டு. பட்டா இன்னும் தாத்தா பெயரில். அவருக்கு அப்பாவும், நரிக்குடியில் வாக்கப்பட்ட அத்தையும் என இரண்டு பிள்ளைகள். ஆளுக்குப் பாதி என்று வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டு, நடுவில் நின்ற ஓர் உடைமரத்தை எல்லையாக வைத்துக்கொண்டார்கள். மரம் எப்போதோ விறகாகிவிட்டது. எல்லை மட்டும் அம்மாவின் ஞாபகத்தில் நின்றது.

அந்த நிலத்தில் அம்மாவுக்கு ஒரு வீடு வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அருப்புக்கோட்டையில் வாடகை வீடுகள்தான். சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். கேட்டு ஒருவரும் சரி என்று சொன்னதில்லை. அப்பாவின் படத்தைக்கூட பீரோ மேல் சாய்த்துத்தான் வைத்திருக்கிறாள். "யாரையும் கேக்காம ஒரு ஆணி அடிச்சிட்டுத்தான் சாவேன்" என்பாள். எழுபதைத் தாண்டியவள் அப்படிச் சொன்னால், மறுநாளே நான் பையைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவேன்.

ஊராட்சியில் வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கேட்டால், பட்டா உங்கள் பெயரில் இல்லையே என்றார்கள். பட்டா கேட்டால் வாரிசுச் சான்றிதழ் எங்கே என்றார்கள். இ-சேவை மையத்துக்கு ஓடினால், அங்கே சர்வர் எப்போதும் எங்கோ வெளியூர் போயிருக்கும். கிராம நிர்வாக அலுவலர் சாமி மாதிரி; நாம் போய் நிற்கும்போதுதான் நடை சாத்தியிருக்கும்.

எட்டு மாதம் இப்படி அலைந்த பிறகு அம்மா ஒரு காரியம் செய்தாள். வாசக்கால் வைக்க ஜோசியர் குறித்த நாள் வந்துவிட்டது. அதை விட்டால் அவள் ராசிக்கு அடுத்த வருசம்தானாம். "அனுமதி என்னைக்கு வேணாலும் வரும். நல்ல நேரம் வருமா?" என்றாள். அஸ்திவாரம்கூடத் தோண்டாத காட்டில், வேப்பமரத்து வாசக்காலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி நட்டாயிற்று. கொத்தனார் "செவரு இல்லாம எப்படிம்மா நிக்கும்?" என்று தலையைச் சொறிந்தார். பிறகு அவரே இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு கொடுத்து முட்டு வைத்தார்.

அன்று முதல் கரிசல் காட்டில் ஒரு வாசல் தனியாக நின்றது. நாலு பக்கமும் திறந்துகிடந்தாலும், வருகிறவர்கள் வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. செருப்பைக் கழற்றி, வலது காலை எடுத்து வைத்து, உள்ளே போய், அதே காட்டில் முள்ளை மிதித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆடுகள் மட்டும் மரியாதை தெரியாமல் பக்கவாட்டில் புகுந்தன. எனக்கு மானம் போயிற்று.

ஒரு வழியாக வாரிசுச் சான்றிதழ் கிடைத்து, பங்கு பிரித்து அளக்க சர்வேயர் வந்தார். அவரையும் செருப்பைக் கழற்றச் சொன்னாள். அளந்தார். மறுபடி அளந்தார். "இத யாரு இங்க வச்சது?" என்று வாசக்காலைக் காட்டினார். "உங்க பங்கு இதுக்கு மூணு அடி முன்னாடியே முடிஞ்சுருது. வாசல் உங்க அத்தை பங்குல நிக்குது."

பிடுங்கித் தள்ளி நட்டால் முடிந்தது. ஆனால் வைத்த வாசக்காலைப் பிடுங்கினால் குடும்பம் விளங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அம்மா அதன் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தை கையெழுத்துப் போடாமல் பட்டா பிரியாது. வேண்டுமென்றே இடத்தை வளைத்துவிட்டோம் என்று அவள் நினைத்தால் அம்மாவின் வீடு அத்தோடு சரி. நிஜமாகவே பயந்தேன்.

அளக்கும்போது இருக்க வேண்டும் என்பதால் அத்தையும் நரிக்குடியிலிருந்து கிளம்பியிருந்தாள். பஸ் லேட்டாகி அப்போதுதான் வந்து சேர்ந்தாள். விசயத்தைச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் வழியாக உள்ளே வந்தாள்.

"வச்ச வாசக்காலப் புடுங்கவா? அந்தப் பாவம் எனக்கெதுக்கு?" என்றாள். சர்வேயரிடம் திரும்பினாள். "சார், எல்லைக் கோட்டக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

"கோட்டையெல்லாம் அப்படித் தள்ள முடியாதும்மா. அந்த மூணு அடிய நீங்க பத்திரம் எழுதிக் குடுக்கணும். அதப் பதிஞ்சு, புதுசா மனுப் போட்டு, திரும்ப அளக்கணும்."

அத்தையின் பேச்சைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியிருந்தது. சர்வேயர் பேசியதும் கலங்கிய காரணம் மாறிவிட்டது.

அம்மா எழுந்தாள். எல்லைக்கல் ஊன்ற வைத்திருந்த சுத்தியலை எடுத்தாள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து ஓர் ஆணி வந்தது. எத்தனை மாதமாக அதைச் சுமந்தாளோ.

"மதினி, இப்ப இது என் எடம். என்னயக் கேக்காம ஆணி அடிப்பீகளா?" என்றாள் அத்தை, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"கேக்க மாட்டேன்."

நாலே அடியில் ஆணி வாசக்காலில் இறங்கிவிட்டது. என் தோளிலிருந்த பையைப் பிடுங்கி அதில் மாட்டினாள். திறந்திருந்த பையின் வாயில், ஆதார் நகலிலிருந்து அப்பா முறைத்துக்கொண்டிருந்தார். அத்தை கிட்டே போய் எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, வீடு வந்து சேந்துட்டீகளா?" என்றாள்.