பிளேடு போன வழி

கோவில்பட்டியிலிருந்து புதூர் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குத் தினமும் பஸ்ஸில் போகிறேன். அங்கே ரேஷன் கடையில் எனக்கு வேலை. போன பங்குனியில்தான் எதிர் சீட்டுக்காரரைக் கவனித்தேன். என் வயதுதான் இருக்கும், விதைக் கடையில் வேலை பார்ப்பவர். அவருடைய இடது தாடையில், காதடியிலிருந்து மோவாய் வரை, கடுகைவிடச் சிறிய தட்டைப் பருக்கள் ஒரே கோட்டில் நின்றன. பார்க்கக் கூடாது என்றுதான் நினைப்பேன். வெளியே அறுப்பு முடிந்து, வெடித்துக் கிடக்கும் கரிசல். கண் போக வேறு இடமில்லாமல் அந்தத் தாடைக்கே திரும்பும். அவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

வைகாசியில் ஒரு காலை, ஷேவ் செய்யும்போது விரலில் சொரசொரவென்று பட்டது. கண்ணாடியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனேன். அதே இடது தாடை. அதே கோடு.

பார்த்துப் பார்த்தே எனக்கு ஒட்டிக்கொண்டது என்று தோன்றியது. மனைவியிடம் சொன்னேன்.

"பாத்தா ஒட்டுமாக்கும்? சும்மா கெடங்க" என்றாள். ஆனால் அன்றே என் துண்டைத் தனிக் கொடியில் போட்டாள்.

பிளேடை அழுத்தி அவற்றை வழித்தெடுக்கப் பார்த்தேன். ரத்தம் கசிந்ததுதான் மிச்சம். சில வாரத்தில் வலது தாடையிலும் கழுத்திலும் கோடு கோடாக எழும்பின. பஸ்ஸில் அவர் கழுத்தைப் பார்த்தேன். அங்கேயும் புதிதாக வந்திருந்தன. பயந்துபோய்ப் பின் சீட்டுக்கு மாறினேன். அவர் திரும்பி என்னைத் தேடினார்.

மனைவிதான் தோல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். அந்தம்மா லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "பிளேடை எப்படி இழுப்பீங்க, காட்டுங்க" என்றார். விரலால் காட்டினேன்.

"அந்த வழியிலேதான் வந்திருக்கு. இது வைரஸால வர்ற மரு. பிளேடு கண்ணுக்குத் தெரியாம கீறுது. அந்தக் கீறல்ல நீங்களே அதை விதைச்சுக்கிட்டுப் போறீங்க."

"எங்கேருந்து வந்துச்சும்மா?"

"சொல்ல முடியாது. ஒருத்தரைத் தொட்டதுல, துண்டுல, எதுலயும் ஒட்டியிருக்கலாம். ஒட்டி மாசக்கணக்கா வெளிய தெரியாமலும் இருக்கும்."

"பாத்தா வராதுல்ல?"

அவர் சிரிக்கவில்லை. "வராது" என்றார். ஷேவ் வேண்டாம், கிள்ள வேண்டாம், துண்டு தனியாகவே இருக்கட்டும், ராத்திரி களிம்பு தடவுங்கள், போக மாதங்கள் ஆகலாம் என்றார்.

மறுநாள் பஸ்ஸில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க" என்று ஆரம்பித்து, பார்த்ததையும் பயந்ததையும் டாக்டர் சொன்னதையும் கொட்டினேன். அவர் முகம் வெளுத்தது.

"நீங்க சொல்லுததக் கேட்டா எனக்குப் படபடன்னு வருது. மொதல்ல உங்க தாடையிலதான் நான் பாத்தேன். அப்ப எனக்கு ஒண்ணுமே கெடையாது."

"எப்ப பாத்தீங்க?"

"தை மாசம்."

தையில் என் முகம் சுத்தமாக இருந்தது. தினமும் நான் தடவிப் பார்த்து வழித்த முகம். எந்த சலூனுக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவரும் என்னைப் போல வீட்டிலேயே வழித்துக்கொள்பவர். இருவருக்கும் பொதுவாக இருந்தது நாங்கள் பிடித்திருந்த பஸ் கம்பி ஒன்றுதான். இருவர் கையும் ஒரே சமயத்தில் அதை விட்டன.

அவரும் டாக்டரிடம் போனார். இருவரும் தாடி வளர்த்தோம். ஐப்பசி மழை விழுந்த சமயம் என் மருக்கள் சிவந்து, தாங்க முடியாமல் அரித்தன. முற்றிவிட்டது என்று ஓடினேன்.

"உங்க உடம்பு இப்பத்தான் இதை அடையாளம் கண்டு எதிர்க்க ஆரம்பிச்சிருக்கு. போயிரும்" என்றார் டாக்டர். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி, தடமில்லாமல் போயின.

அவருக்கு மோவாய்க்குக் கீழே இன்னும் மிச்சமிருக்கிறது. களிம்பு போட்டுக்கொண்டு தாடியோடு வருகிறார். உளுந்து விலையும் மழையும் பேசிக்கொண்டு போகிறோம். தை மாதம் என் முகத்தில் அவர் எதைப் பார்த்தார் என்று நான் கேட்டதில்லை. அவராகவும் சொன்னதில்லை.