விரதமும் கப்சியூல் கூடும்

கந்தசட்டி விரதம் தொடங்கியிருந்தது. அச்சுவேலியில் நான் மருந்தாளராக வேலை செய்யும் பாமசியைத் திறந்ததும் தவராசா அண்ணை ஓடிவந்தார். வெங்காயத் தோட்டக்காரர். வீட்டுக்காரி கலா அக்காவுக்கு விடியத் தொடக்கம் வாந்தி, வியர்வை, கைகால் உதறல் என்றார்.

அக்காவை எனக்குத் தெரியும். மனச்சோர்வில் மாதக்கணக்காகச் சாப்பிடாமல், கதைக்காமல் கிடந்த மனுசி அவர். கிளினிக்கில் எழுதிய வென்லாஃபாக்சின் கப்சியூலை என்னிடம்தான் எடுப்பார்கள். அதன் பிறகுதான் எழும்பி அடுப்படிக்குப் போகத் தொடங்கியிருந்தார்.

"உந்தக் குளிசை இனி வேண்டாம் தங்கச்சி. உதுதான் அவளைக் கொல்லுது. நிப்பாட்டப் போறன்" என்றார் அண்ணை.

எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. திடீரென்று நிறுத்தினால் அக்கா பழைய இருட்டுக்குள் விழுந்துவிடலாம். இந்த மருந்து கூட்டிவிடும் செரட்டோனின் என்ற இரசாயனம் உடம்பில் மிதமிஞ்சிப் போயிருந்தால் தொடர்வதும் ஆபத்து. "நிப்பாட்டுறதோ குடிக்கிறதோ டொக்டர் சொல்லட்டும். முதல்லை ஆசுப்பத்திரிக்கு ஏத்துங்கோ" என்று அதட்டினேன். கடையை முதலாளியிடம் விட்டுவிட்டு நானும் ஆட்டோவில் ஏறினேன்.

வார்டில் பிரசர் ஏறிக் கிடந்தது. சேலைன் போட்டார்கள். வேறு மருந்து ஏதும் குடித்தாரா என்று டொக்டர் கேட்டார். இல்லையென்று அண்ணை சத்தியம் செய்தார். உதறல் தணியும்வரை நான் கட்டிலடியிலேயே நின்றேன். பிறகு மெதுவாக, குளிசையை எப்படிக் குடிக்கிறீர்கள் என்று அக்காவைக் கேட்டேன்.

"விரதத்துக்கு மச்சம் மாமிசம் ஆகாதெல்லே. கூடு மாட்டெலும்பிலை செய்யிறதாம். அதை எறிஞ்சுபோட்டு, உள்ளுக்கை கிடந்த மணியளை அரைச்சுப் பாலிலை குடிச்சனான்."

அந்த மணிகள் ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவேண்டியவை. அரைத்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். செரட்டோனினைப் பிடிக்கும் வாங்கிகள் மூளையில் மட்டும் இல்லை, குடலிலும் இருக்கின்றன. அங்கே ஒரேயடியாகத் தாக்கினால் வாந்தி வராமல் என்ன செய்யும்?

டொக்டர் திட்டவில்லை. அதே மருந்தைக் கூடில்லாத மாத்திரைகளாகக் கொடுத்து, படிப்படியாக மேர்ட்டசபீன் என்ற வேறு மருந்துக்கு மாற்றினார். அது நேரே சில வாங்கிகளில் போய் இருந்து அவற்றை மூடிவிடும். வாந்தியைக் கிளப்பும் வாங்கியும் அதிலொன்று. ஆனால் மனம் தெளியக் கிழமைக்கணக்கில் எடுக்கும், பொறுக்கவேண்டும் என்றார். அந்தக் கிழமைகளில் அண்ணை கடைப்பக்கம் வந்தால் அக்கா எப்படி என்றுதான் முதலில் கேட்பேன். அக்கா மெல்லத்தான் தேறினார்.

அன்று வார்டில், அக்கா அரைத்துக் குடித்ததைச் சொன்னதும் அண்ணை, "இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று குரல் உடைந்து கேட்டார்.

"குடிச்சியா, குடிச்சியா எண்டுதானே கேட்டனியள். எப்பிடிக் குடிச்சனி எண்டு ஆர் கேட்டது?"

"விரதம் முடியுமட்டும் விட்டிருக்கலாமே?"

"விட்டா பழையபடி போயிடுவனோ எண்டு பயம். எனக்கு உயிரோடை இருக்கோணும் போலை கிடந்தது. அதுதான் அரைச்செண்டாலும் குடிச்சனான்."

அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும்தான்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: மருந்து குடிக்கிறார்களா என்று கேட்டால் ஓம் என்றுதான் பதில் வரும். எப்படிக் குடிக்கிறார்கள் என்று கேளுங்கள். சிலர் அதை விடக்கூடாது என்பதற்காக என்னவும் செய்வார்கள்.